இரண்டாம் பந்தி

"பாசியில குறை இல்ல. மருந்துல குறை இல்ல. அப்புறம் ஏன் தம்பி மீன் சாகுது?"

கேட்டவர் டாக்டர் தமயந்தி. வயது ஐம்பத்து மூன்று. பதில் சொல்ல வேண்டியவர் அமிர்தலிங்கம். உப்பங்கழியோரத்துக் கொடுவா மீன் பண்ணையில் தீனி போடுகிறவர். முப்பதுகூட ஆகவில்லை. செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் என்னத்தக் கண்டேன், டாக்டரம்மா?"

தமயந்தி செருப்பைக் கழற்றிவிட்டு ஈரக் கரையிலேயே உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை.

பதினோரு வருஷ உழைப்பு. கண்ணுக்கே தெரியாத பாசி அது. அதன் மரபணுவில் சின்ன மாற்றம் செய்து, மீனைக் கொல்லும் நோய்க்கிருமியின் ஒரே ஒரு துணுக்கைப் பாசியே தன் உடம்பில் தயாரிக்கும்படி செய்திருந்தார். அந்தப் பாசிதான் மருந்து; தீனியில் கலந்து போட்டால் போதும். தின்ற மீனின் உடம்பு எதிரியின் முகத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும். ஒவ்வொரு மீனாகப் பிடித்து ஊசி போடுகிற பாடு கிடையாது.

ஆய்வகத் தொட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. பண்ணைக்கு வந்ததும் முதல் குளத்தில் பாதி போயிற்று. அடுத்த வருஷம் இரண்டாவதிலும் பாதி. இப்போது மருந்துத் தீனி தின்கிற மூன்றாவதும் போனால் பாசிக் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிடச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"நாப்பது மீன்ல ரத்தம் எடுத்துப் பார்த்தேன் தம்பி. நாப்பதுக்கும் எதிர்ப்புச் சக்தி இருக்கு."

"அந்த நாப்பதையும் எங்க பிடிச்சீங்க?"

"நீங்க தீனி போடுற எடத்துலதான். அங்கதானே கூட்டமா வரும்?"

அமிர்தலிங்கம் கூடையைக் கீழே வைத்தார்.

"மருந்துத் தீனிய எப்பப் போடச் சொன்னீங்க?"

"காலையில, வெறும் வயித்துல. பசியில இருந்தா மிச்சம் வைக்காமத் தின்னும்னுதான்."

"மிச்சம் வைக்கலதான்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய் மூன்றாம் குளத்தில் ஒரு கை வெறும் தீனியை வீசினார்.

தண்ணீர் கொதித்தது. பெரிய மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாயைப் பிளந்தன. கண் மூடித் திறப்பதற்குள் தீனியில் ஒரு மணிகூட மிச்சமில்லை.

தமயந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தவர் ஆயிற்றே, கூட்டம் இருக்கிற பக்கம்தான் கண் போகும்.

அமிர்தலிங்கம் அவர் தோளுக்குப் பின்னால் கை நீட்டினார். மடை ஓரம்.

அங்கே சின்ன மீன்கள் நின்றன. மெலிந்து, நிறம் கறுத்து, சுவரைப் பார்த்தபடி. ஒன்றுகூட அசையவில்லை.

"நீங்க கல்யாண வீட்டுக்குப் போனதில்லையா, டாக்டரம்மா?"

தமயந்தி எழுந்தார். வலை கேட்டார். மடை ஓரத்திலிருந்து தன் கையாலேயே பத்து மீன் பிடித்து, ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"பத்துல ஒம்பதுக்கு ஒண்ணுமே இல்ல தம்பி. மருந்து அதுங்க வாய்க்கே போகல."

"முதப் பந்திக்கு வெறும் தீனி போடுவோம். பெரிசுங்க ஏப்பம் விடட்டும். அப்புறம் மருந்துத் தீனிய ஓரமா, கொஞ்சம் கொஞ்சமாத் தூவுவோம்."

"அப்ப பெரிசுங்களுக்கு மருந்து?"

"அதுங்க ரெண்டாம் பந்திக்கும் வரும். வராம இருக்குமா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு தமயந்தி வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு மாதம் அப்படியே போட்டார்கள். ஐப்பசி மழையோடு நோய் வந்தது. பக்கத்துப் பண்ணைகளில் மீன் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. மூன்றாம் குளத்தில் செத்தது பதினேழே பதினேழு.

தமயந்தி நேராகக் கரைக்கு வந்தார். சந்தோஷம் ஒரு பக்கம். முதல் இரண்டு குளத்தில் செத்த மீன்களின் நினைப்பு இன்னொரு பக்கம் நெஞ்சை அறுத்தது.

"ரெண்டு வருஷமா இதைப் பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"

அமிர்தலிங்கம் தீனி வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். குரலில் கோபம் இல்லை.

"வருவீங்க. முதலாளிகிட்டப் பேசுவீங்க. மேனேஜர்கிட்டப் பேசுவீங்க. காரு ஏறிடுவீங்க. நானும் மடை ஓரமாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேன், டாக்டரம்மா."