குஞ்சைத் தின்ற மீன்

"இதுல ஆண் எது, பெண் எது? அதை மட்டும் சொல்லிடும்மா!"

சபாபதி கையில் வலையோடு நின்றார். தொட்டிக்குள் இரண்டு டிஸ்கஸ் மீன்கள், சாப்பாட்டுத் தட்டை நிமிர்த்தி வைத்த மாதிரி. நடுவில் தூசி தூசியாகக் குஞ்சுகள்.

மீன் வளர்ப்பில் அவருக்குக் குரு சகாயமேரி. வயதில் சின்னவள்.

"எதுக்குண்ணா?"

"அப்பனைத் தூக்கிடணும். போன தடவை ஒண்ணு விடாமத் தின்னுடுச்சு. இதுவும் போனா தொட்டியையே வித்துடுன்னு வீட்டுல சொல்லிட்டா."

"அப்பன் தின்னதைப் பாத்தீங்களா?"

"அம்மா தின்னுமா?"

சகாயமேரி சிரித்தாள்.

"அந்தப் பெருசைப் பாரும்மா. நெத்தி தடிப்பு, உதடு தடிப்பு, முதுகுத் துடுப்பு கூரா நீண்டிருக்கு. அதானே ஆண்?"

"இருக்கலாம்."

"மத்ததை விரட்டி விரட்டி அடிக்குதே?"

"பெண்ணு அடிக்காதா? அண்ணிகிட்டக் கேளுங்க."

"விளையாடாத!"

"முட்டை போடறப்போ அடிவயித்துல குழாய் எட்டிப் பாக்கும். மழுங்கலா இருந்தா பெண், ஒல்லியா கூரா இருந்தா ஆண். பாத்தீங்களா?"

"மச்சினன் கல்யாணத்துக்குப் போயிட்டேனே!"

"அப்ப உக்காந்து பாருங்க."

பார்த்தார். குஞ்சுகள் மெல்ல மெல்ல ஒரு மீனின் விலாவில் போய் ஒட்டின. அதன் மேல் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்றன. அது சின்ன மீன்.

"தெரிஞ்சுபோச்சு! பால் குடிக்குது பாரு, அதான் ஆத்தா!"

சகாயமேரி வாய் திறக்குமுன் வலை பெரிய மீனை நோக்கி இறங்கியது. தண்ணீர் கலங்கியது. சின்ன மீன் மிரண்டு திரும்பியது. வாயைத் திறந்து, பக்கத்தில் நீந்திய குஞ்சு ஒன்றை லபக்கென்று விழுங்கியது.

"ஐயோ, தின்னுடுச்சு!"

"எதுண்ணா?"

சபாபதி வலையை மெதுவாக வெளியே எடுத்தார்.

வெகுநேரம் கழித்துத் தண்ணீர் தெளிந்தது. சின்ன மீன் உடம்பை ஒரு வெட்டு வெட்டி நகர்ந்துகொண்டது. குஞ்சுகள் அந்தரத்தில் தடுமாறின. பெரிய மீன் வந்து விலாவைக் காட்டியது. அத்தனையும் போய் அப்பிக்கொண்டன. அது அசையாமல் நின்றது.

"இதுக்கும் பால் ஊறுதா?"

"இது எந்தப் பால்னு இன்னும் சொல்லணுமாண்ணா?"