அர்த்தநாரியின் நாலேகால்

நாமக்கல்லுல லாரியோட பின் ஆக்சில் வேலைன்னா அது ஹவுசிங் அர்த்தநாரிதான். இதை எங்கிட்டச் சொன்னதும் ஹவுசிங் அர்த்தநாரிதான்.

என்ற வண்டி லாரி இல்லீங்க. ரெண்டே பேரு உக்கார்ற, கூரை இல்லாத, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரு. முட்டை ஏவாரிக்கு எதுக்குய்யா இதுன்னு ஊரே கேட்டு ஓய்ஞ்சிருச்சு. போன வருசம் கொல்லிமலை ஏறயில ஏழாவது வளைவுல மூச்சு வாங்கி நின்னு போச்சு. என்ற சம்சாரம் கோகிலா பட்டுச்சேலையோட எறங்கித் தள்ளுனா. மேல போய்ச் சேர்ந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னா: "இன்னொருக்கா நான் இதைத் தள்ளுனா, மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போயிரும்." அவ சொன்னாச் செய்யறவ.

வர்ற ஞாயித்துக்கிழமை அதே மலையில என் தங்கச்சி குழந்தைக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். வேன்ல போலாமுன்னு கோகிலா சொன்னா. வீராப்புல, காருலதான் போறோம்னு சொல்லிப்போட்டேன். சொன்னதுக்கப்புறந்தான் அந்த ஏழாவது வளைவு ஞாபகம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில காரைக் கொண்டுபோய் அர்த்தநாரி ஷெட்டுல நிறுத்துனேன்.

"மலை ஏறலையா? அப்ப எஞ்சினைப் பாக்கக் கூடாது. பின்னாடி ரேஷியோவைப் பாக்கோணும்," அப்படின்னாரு. அவரு ஜாக்கியெல்லாம் லாரிகளுக்கு அடியில நின்னுது. பக்கத்துப் பஞ்சர் கடை யாகூப் பாய்கிட்ட ஒண்ணு வாங்கிட்டு வந்து, வலது பக்கத்துப் பின் சக்கரத்தைத் தூக்குனாரு. கியரை நியூட்ரல்ல போட்டு, டயர்ல ஒரு சாக்பீஸ் கோடு, எஞ்சின்ல இருந்து பின்னாடி வர்ற ஷாப்டுல ஒரு கோடு இழுத்தாரு. அங்க லாரி வேலைக்காக வந்து சும்மா குந்தியிருந்த டிரைவர் குப்பண்ணனை அடியில படுக்க வச்சாரு.

"நான் சக்கரத்தை ஒரு சுத்து சுத்தறேன். ஷாப்டு எத்தனை சுத்துதுன்னு எண்ணு."

சுத்துனாரு. குப்பண்ணன் அடியில இருந்தே கத்துனாரு: "ரெண்டு! மேல ஒரு துளி!"

அர்த்தநாரி தலையில கையை வச்சுட்டாரு. "அட சாமீ! ரெண்டு ரேஷியோவா? இதை வச்சுக்கிட்டா மலை ஏறுனீங்க?"

"ரெண்டுன்னா கம்மிங்களா? நம்பர் சிறுசா இருந்தா வேகமும் கம்மின்னு நெனச்சேன்."

"எல்லாரும் அங்கதான் ஏமாந்து போறாங்க. ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்குதே, அந்த ஹவுசிங்குக்குள்ள பெரிய பல்சக்கரம் கிரௌன், சின்னது பினியன். கிரௌன் பல்லை பினியன் பல்லால வகுத்தா வர்றதுதான் ரேஷியோ. நாலேகால்னா ஷாப்டு நாலேகால் சுத்து சுத்துனாத்தான் சக்கரம் ஒரு சுத்து சுத்தும். நம்பர் பெருசானா இழுவை, சிறுசானா ஓட்டம். உங்களுது வெறும் ஓட்டம், இழுவையே இல்லை. எங்கிட்ட நாலேகால் செட்டு ஒண்ணு கெடக்குது. சாவியைக் குடுங்க, ஹவுசிங்கைக் கழட்டிர்றேன்."

எனக்குப் பகீருன்னுச்சு. கழட்டி மாட்ட முடியாமப் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை தாய்மாமன் மடியே இல்லாமக் காது குத்த வேண்டியதுதான். சாவியைக் கையிலயே உருட்டிட்டு நின்னேன். அர்த்தநாரிக்கு மூக்கு மேல கோவம் வந்திருச்சு.

"என்னங்க யோசிக்கறீங்க? ரோட்டுல போற லாரிச் சத்தத்தைக் கேட்டே எத்தனை பல்லுன்னு சொல்றவன் நான். ஒருக்கா ஒரு லாரி போச்சு. கிரௌன்ல நாப்பத்தொண்ணுன்னு இங்கிருந்தே சொன்னேன். டிரைவர் நம்பாமப் பிரிச்சுப் பாத்தான். நாப்பதுதான் இருந்துச்சு. சிரிச்சான். ஹவுசிங் எண்ணெய்க்குள்ள கையை விடுடான்னேன். நாப்பத்தொண்ணாவது பல்லு உடைஞ்சு உள்ள கெடக்குது!"

"அந்த டிரைவர் பேரென்ன?"ன்னு குப்பண்ணன் கேட்டாரு.

"அவன் துபாய் போயிட்டான்."

"சரிதான்."

"இது என்ன பெருசு! கோயமுத்தூர்ல இருந்து ஒரு ரேஸ்காரர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தாரு. இழுவை பத்தலீங்கறாரு. ஏழு ரேஷியோ போட்டுக் குடுத்தேன். கிளட்சை விட்டாரு பாருங்க, முன் சக்கரம் ரெண்டும் மேல போனது போனதுதான், கீழ எறங்கவேயில்லை. கரூர் வரைக்கும் மனுசன் வெறும் ஆகாசத்தைப் பாத்துத்தான் ஓட்டிருக்காரு. ரோட்டு மேல போற கரண்டுக் கம்பியைப் பாத்துத் திருப்பியிருக்காரு!"

"எதுக்க வண்டி வந்தா?"

"வண்டிக்காரங்க எல்லாம் அடியில புகுந்து போயிட்டாங்க. அதுக்கப்புறம் எட்டு போடுங்கன்னு அடம் புடிச்சாரு. வேண்டாம்னேன், கேக்கலை. போட்டேன். காரு நின்ன எடத்துலயே நிக்குது, தார் ரோடு அடியில உருவிக்கிட்டுப் பின்னால வருது! பாய் சுருட்டுன மாதிரி காருக்குப் பின்னால நாப்பதடி ரோடு சுருண்டு கெடந்துச்சு. நானும் நாலு பேரும் சேர்ந்துதான் திரும்ப விரிச்சு வச்சோம்."

"அந்த நாலு பேரு?"

"ரெண்டு பேரு செத்துட்டாங்க. ரெண்டு பேரு துபாய்."

நான் சாவியைப் பாக்கெட்டுல போட்டேன். அதைப் பாத்துட்டாரு. ஸ்பானரைக் கீழ டங்குன்னு வச்சாரு.

"இழுவை போதும், ஓட்டம் வேணும்னு அதே மனுசன் திரும்ப வந்தாருங்க. அரை ரேஷியோ போட்டேன். ஷாப்டு அரைச் சுத்து சுத்துனாலே சக்கரம் ஒரு சுத்து. சேலம் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்கன்னு சொல்லி அனுப்புனேன். அவரு போயி, டீ குடிச்சிட்டு, இந்த ஷெட்டுக்கு போன் பண்றாரு. இங்க போன் அடிக்குது. அப்பத்தான் காரு ஷெட்டை விட்டே கெளம்புது!"

குப்பண்ணன் எழுந்து உக்காந்தாரு. "அப்ப போனை எடுத்தது யாருய்யா?"

"அவரேதான். காருல ஏறப் போனவரு திரும்பி வந்து எடுத்தாரு."

"என்ன பேசுனாரு?"

"சேலத்துல வெயிலு சாஸ்திங்க, தொப்பி எடுத்துட்டு வாங்கன்னாரு. எடுத்துட்டுத்தான் போனாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அது அர்த்தநாரியை இன்னும் ஏத்தி விட்டுருச்சு.

"சிரிங்க. கொல்லிமலை கதையைக் கேட்டா சிரிக்க மாட்டீங்க. ஒரு ஜீப்புக்கு நூறு ரேஷியோ போட்டேன். பத்தாவது வளைவுல பள்ளத்துல எறங்குன லாரியை மேல இழுக்கோணும். சங்கிலியை அவசரத்துல லாரிக்குப் பதிலா மலையில மாட்டிட்டாங்க. ஜீப்பு இழுத்துச்சு. வளைவு நிமிந்து நேரா நின்னுக்குச்சு! எழுபது வளைவுல அன்னைக்கு அறுபத்தொம்பதுதான்."

"இப்ப எழுபது இருக்குதே?"

"ரோட்டுக்காரங்க வந்து திட்டுனாங்க. மறுநாள் ரிவர்ஸ்ல போய் நானே வளைச்சு வச்சுட்டு வந்தேன்."

"சாட்சி?"

"மலையைக் கேளு!"

குப்பண்ணன் கையெடுத்துக் கும்புட்டாரு. "அர்த்தநாரி, உன்ற கதையில உசுரோட, உள்ளூர்ல, வாய் தொறந்து பேசற சாட்சி ஒருத்தனைக் காட்டு. அன்னைக்கு நான் உன்ற காலுல விழறேன்."

அந்தப் பேச்சு அர்த்தநாரிக்குச் சுருக்குன்னு தெச்சிருச்சு. மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கே பாவமாப் போயி, சாவியை எடுத்து நீட்டப் போனேன். அந்நேரம் பாத்து யாகூப் பாய் உள்ள வந்தாரு.

"ஜாக்கி வேணும். வேன் ஒண்ணு வந்து நிக்குது, கடையில இருக்கற ஒண்ணு பத்தலை." குனிஞ்சு காரைப் பாத்தாரு. சாக்பீஸ் கோட்டைப் பாத்தாரு. "ரேஷியோ பாத்தீங்களா? எத்தனை?"

"ரெண்டு," அப்படின்னு அர்த்தநாரி உறுமுனாரு.

"ஒத்தைச் சக்கரத்தைத் தூக்கிட்டு ஒரு சுத்து சுத்துனா பாதிதான காட்டும்? இடது சக்கரம் தரையில நிக்குதே. இப்படி ஒத்தையாத் தூக்குனா ரெண்டு சுத்து சுத்தோணும். இல்லாட்டி ரெண்டு பக்கமும் தூக்கிச் சேர்த்துச் சுத்தோணும். லாரியில தெனமும் நீங்க செய்யறதுதான அர்த்தநாரி?"

 வேனைக் காத்திருக்கச் சொல்லிட்டு, பாயே போய் அந்த இன்னொரு ஜாக்கியைக் கொண்டுவந்து இடது பக்கத்தையும் தூக்குனாரு. வலது சக்கரத்துல நான், இடது சக்கரத்துல குப்பண்ணன். என்ற சக்கரம் அசையுது, அவருது அசையவே மாட்டேங்குது. பாய் உள்ள எட்டிப் பாத்தாரு. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப் புடிச்சு இறுகிப் போயி, இடது பக்கம் பிரேக் புடிச்சபடியே இருந்துச்சு. ஒரு வருசமா ஒரு காலைக் கட்டிப்போட்டுட்டு வண்டியை ஓட்டியிருக்கறேன். போன வருசம் கோகிலா தள்ளுனது காரை இல்லை, பிரேக்கைத்தான்.

அர்த்தநாரி உக்காந்து கேபிளைக் கழட்டி, தேய்ச்சு, எண்ணெய் விட்டு மாட்டுனாரு. மனுசன் கைவேலை சுத்தமுங்க, அதுல குத்தமே சொல்ல முடியாது. திரும்பவும் ரெண்டு பேரும் சேர்ந்து சக்கரத்தைச் சுத்துனோம். அர்த்தநாரியே படுத்து எண்ணுனாரு.

"நாலேகால்," அப்படின்னு மெதுவாச் சொன்னாரு.

ஞாயித்துக்கிழமை காரு எழுபது வளைவும் ஏறுச்சு. ஏழாவது வளைவு வந்தப்ப கோகிலா செருப்பைக் கழட்டி, சேலையைத் தூக்கிச் செருகித் தயாரா உக்காந்திருந்தா. எறங்க வேண்டிய வேலையே வரலை. குழந்தை என் மடியில உக்காந்து ஊரே கேக்கற மாதிரி அழுதுச்சு. எனக்கும் கண்ணுல தண்ணி வந்திருச்சு.

திங்கக்கிழமை மலைவாழைப்பழம் ஒரு சீப்பு எடுத்துட்டு ஷெட்டுக்குப் போனேன். அங்க பத்துப் பதினஞ்சு டிரைவருங்க நின்னாங்க. குப்பண்ணனும் இருந்தாரு, யாகூப் பாயும் இருந்தாரு. நடுவுல அர்த்தநாரி. என்னைப் பாத்ததும் மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு.

"இதா, சாட்சி தானா நடந்து வருது! துபாய்க்காரனில்லை, நம்ம ஊரு முட்டைக்காரரு. ஏனுங்க, வெள்ளிக்கிழமை மொதல்ல எண்ணயில உங்க காருல ரேஷியோ எத்தனை?"

"ரெண்டுங்க," அப்படின்னேன்.

"கடைசியா எண்ணயில?"

"நாலேகால்."

"நடுவுல நான் ஹவுசிங்கைக் கழட்டுனனா? ஒத்தைப் பல்லு மாத்துனனா?"

"இல்லீங்க."

"மலை ஏறுச்சா?"

"ஜம்முன்னு ஏறுச்சுங்க."

ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் என்ன பண்ணட்டும்? டிரைவருங்க எல்லாம் வாயைத் தொறந்தது தொறந்தபடி நின்னாங்க. அர்த்தநாரி ஒரு காலை முன்னால நீட்டி வச்சு, குப்பண்ணனைப் பாத்து, "விழு," அப்படின்னாரு.

குப்பண்ணன் என்னைப் பாத்தாரு, காலைப் பாத்தாரு. யாகூப் பாய்தான் ஒரு பழத்தைப் பிச்சு உரிச்சுக்கிட்டே சொன்னாரு:

"விழறது இருக்கட்டும் குப்பண்ணா. குனியயில அப்படியே அங்க கெடக்கற என்ற ரெண்டு ஜாக்கியையும் எடுத்துக் குடுத்துரு."