கூப்பிட்டால்தான் பரிசல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது தர மாட்டேன். கோடைக் கடைசியில் காவிரியில் வாளை மீன் கடிக்கிற மாதிரிதான் அது வரும். தக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

பாவாயி பரிசல்காரி. வாளை பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன் நாட்ராயன்.

அவனிடமும் ஒரு வித்தை உண்டு. யார் குரலிலும் பேசுவான். பூசாரியின் குரலில் குறி சொல்வான். பால்காரர் குரலில் ஒரு சத்தம் கொடுத்தால் வீதியே சொம்போடு வெளியே வந்து நிற்கும். தறிப்பட்டறையில் முதலாளியின் குரலில் ஒருநாள், "எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா, இன்னிக்கு லீவு" என்றான். எல்லோரும் போனார்கள். மறுநாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், அவனைத் தவிர.

"வேற பொழப்பு இல்லீங்கக்கா," என்றான். "வாளை புடிக்கச் சொல்லிக்குடுங்க."

"டேம்ல தண்ணி தொறக்கற வரைக்கும் இரு. அதுக்குள்ள ஒரே ஒரு வாளை புடி. புடிச்சா நீயும் இந்தப் பரிசல்ல பங்காளி."

"புடிக்கலீன்னா?"

"பால்காரர் மாதிரியே பேசிட்டுத் திரி."

ஆறு சுருங்கிக் கிடந்தது. மேலே பாறைகள் முதுகு காட்டின. கல்லுக்குக் கல் தாவினால் கால் நனையாமல் அக்கரை போய்விடலாம். கீழே ஆழமான மடு மட்டும் கறுப்பாக, அசையாமல் நின்றது.

நாட்ராயன் கரையிலிருந்து தூண்டில் போட்டான். மண்புழு வைத்தான். தவளைக்குஞ்சு வைத்தான். நண்டு வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

"ஏனுங்கக்கா, மீனே இல்லீங்களா?"

"இருக்குது."

"அப்பறம் ஏன் கடிக்க மாட்டேங்குது?"

பாவாயி அவன் கையைப் பிடித்துக் கரையோரத் தண்ணீரில் முக்கினாள். வெந்நீர் மாதிரி இருந்தது. பிறகு, "மடுவுக்கு நடுவுல போயி முங்கு," என்றாள். முங்கினான். அடியில் கால் சில்லிட்டது. மூச்சு வாங்க வெளியே வந்தான்.

"நீயா இருந்தா எங்க படுப்ப?"

"அடியிலதானுங்க."

"அதுதான்."

"கரையில இருந்து போட்டா அங்க எட்டாதுங்களே."

"எட்டாது."

"பரிசலைக் குடுங்க. நடுவுல போயிப் போடறேன்."

பாவாயி முடியாதென்று தலையாட்டினாள். "கூப்பிட்டாத்தான் பரிசல்."

அது அங்கே வழக்கம். அக்கரையிலிருந்து ஓர் ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் வெறும் பரிசலை மடுவில் இறக்கினால் ஆற்றம்மா அதை வெறுமையாகவே திருப்பி அனுப்புவாள், ஆளை வைத்துக்கொள்வாள் என்பார்கள். கோடையில் எல்லோரும் கல் தாண்டிப் போகிறார்கள். யார் கூப்பிடப் போகிறார்கள்? பரிசல் கரையில் கவிழ்ந்து கிடந்தது, ஆமை மாதிரி.

கோடையிலும் பரிசல் கேட்டவன் ஒருவன் இருந்தான். பாவாயியின் புருஷன் செங்கோடன். பொழுது சாயும்போது கல் தாண்டி அக்கரைக்குப் போவான். போனவன் அங்கே நின்றுகொண்டு, "பாவாயீ... பரிசலு!" என்பான். மூக்கால் பாதி, தொண்டையால் பாதி. அவளும் துடுப்பை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வருவாள். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். "போறப்போ கல்லு, வர்றப்போ பரிசலு. தொரை வூட்டுப் புள்ள!"

போன கோடையில் ஒரு நாள் கல் தாண்டிப் போன செங்கோடன் கூப்பிடவே இல்லை. கரூர்ப் பக்கம் ஒருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். பாவாயி எதுவும் சொன்னதில்லை.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? நாட்ராயனுக்கு வந்துவிட்டது. உங்களுக்கு இன்னும் இல்லை.

மீன் கடிக்காத ஒரு சாயங்காலம் அவன் கல் தாண்டி அக்கரைக்குப் போனான். நாணலுக்குள் உட்கார்ந்தான். மூக்கால் பாதி, தொண்டையால் பாதி குரலெடுத்தான்.

"பாவாயீ... பரிசலு!"

இக்கரையில் குடிசைக் கதவு சுவரில் மோதியது. பாவாயி ஓடி வந்தாள். பரிசலை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட்டாள். துடுப்பு தண்ணீரை அடித்த அடியில் கொக்குகள் எழுந்து பறந்தன. நாட்ராயன் வாயைப் பொத்திக்கொண்டு கல் தாண்டி ஓடி வந்துவிட்டான். அவள் திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. குடிசையில் சோறு தீய்ந்த வாசம்.

"எங்கீங்கக்கா போயிட்டு வர்றீங்க?"

"ஆரோ கூப்பிட்டாங்க."

"ஆரு?"

"போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாங்க."

மறுநாள் டீக்கடையில் அவன் அதை நடித்துக் காட்டினான். கதவு, ஓட்டம், கொக்கு எல்லாம். டீக்கடைக்காரர் டீயைக் கையில் ஊற்றிக்கொண்டார். "டேய், பாவம்டா!" என்றார். "இன்னொருக்கா பண்ணு."

இன்னொரு முறை பண்ணினான். பிறகு தினமும் பண்ணினான். ஒவ்வொரு முறையும் பாவாயி வந்தாள். ஆனால் ஓட்டம் குறைந்துவிட்டது. நடந்து வந்தாள். அக்கரை போய்த் திரும்ப நெடுநேரம் ஆயிற்று.

"அக்காவுக்குக் கை தளந்து போச்சு," என்று டீக்கடையில் சொன்னான். "அரிசி மூட்டை மாதிரி உக்காந்துட்டு வருது."

விடியும்போது அவள் ஈரச் சாக்கு மூடிய கூடையோடு சந்தைக்குப் போவாள்.

"கூடையில என்னுங்கக்கா?"

"கீரை."

மீன் வாசம் அடித்தது. ஆற்றங்கரைக் கீரை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"அக்கா, எனக்கு எப்பத்தான் சொல்லிக்குடுப்பீங்க?"

"சொல்லிக்குடுத்துட்டுத்தான் இருக்கறேன்."

"எங்கீங்க? நான் இங்கயேதான் இருக்கறேன்."

"அப்படியா?" என்றாள் பாவாயி.

கடைசியில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்லிப் போனார்கள். நாளைக் காலையில் தண்ணீர் திறக்கிறார்கள், ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம். நாட்ராயன் அதைப் போலவே பேசிப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவன் தூண்டிலைத் தொட்டது நண்டு மட்டும். இனித் தறிப்பட்டறையும் இல்லை, பரிசலும் இல்லை.

அன்று சாயங்காலமும் அக்கரைக்குப் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கூப்பிட்டான். கூப்பிட்டுவிட்டு ஓடவில்லை. ஓடிப் போய் என்ன செய்வது? நாணலுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தான். அதனால் முதல் முறையாகப் பார்த்தான்.

பாவாயி மடுவின் நடுவுக்கு வந்ததும் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் தன் போக்கில் மெல்லச் சுற்றியது. சேலைச் செருகலிலிருந்து ஒரு தூண்டில் நரம்புச் சுருளை எடுத்தாள். முள்ளில் உயிரோடு ஒரு அயிரை மீன் துள்ளியது. அதை அடிவரைக்கும் இறக்கி, நரம்பைச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாள். அசையவில்லை. அரிசி மூட்டை மாதிரியே உட்கார்ந்திருந்தாள். பரிசல் நகர, அடியில் இரையும் கூடவே நகர்ந்தது, நோய்ப்பட்ட குஞ்சு போல.

விரல் வளைந்தது. அவள் அவசரப்படவில்லை. விட்டாள், இழுத்தாள், விட்டாள். கை நீளத்துக்கு ஒரு வாளை பரிசலுக்குள் வந்து விழுந்து வாலால் அடித்தது. அவள் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டாள்.

நாட்ராயன் நாணலை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றான்.

பாவாயி பரிசலைக் கரைக்கு விட்டாள். திடுக்கிட்ட மாதிரி தெரியவில்லை. "ஏறு," என்றாள்.

ஏறினான். சாக்குக்கடியில் மீன் அவன் காலில் மோதியது.

"அக்கா..." என்றான். "கீரையா இது?"

"கீரைதான்."

"தினமுமா?"

"நீ தினமும் கூப்பிட்டயில்ல? கூப்பிட்டாத்தானே பரிசல்."

"அப்ப செங்கோடண்ணன் கல்லு தாண்டிப் போயி கூப்பிட்டது..."

"இதுக்குத்தான். கோடையில வேற ஆரு கூப்பிடுவா? அவிய கூப்பிடுவாங்க, நான் போவேன். போறப்போ ஒண்ணு, வர்றப்போ ஒண்ணு. ஊரு சிரிச்சுட்டுக் கெடக்கட்டும்னு சொல்லுவாங்க."

"சொல்லியிருக்கலாமில்லீங்க! எனக்குப் பொழப்பே போச்சு!"

"தினமும் மடுவுக்கு நடுவுல வச்சுக் காட்டுனேன். நீதான் குரலைக் குடுத்துட்டு ஓடிப் போயிருவ."

இதோ, வந்துவிட்டது. நாட்ராயன் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பரிசல் ஆடச் சிரித்தான். ஊரையே ஏமாற்றியவனை ஒரு பரிசல்காரி இத்தனை நாள் ஏமாற்றியிருக்கிறாள். அவன் கூப்பிட, அவள் மீன் பிடிக்க, அவன் டீக்கடையில் சிரிக்க.

"நல்லா ஏமாத்திப்புட்டீங்கக்கா! நான் என்னமோ அண்ணந்தான் வந்துட்டாருன்னு நெனச்சு நீங்க ஓடி வர்றீங்கன்னு... அவரில்லைன்னு தெரிஞ்சேதான் அத்தனை நாளும் வந்தீங்களா?"

பாவாயி துடுப்பைத் தண்ணீரில் இறக்கினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

"மொத நாளு நான் தூண்டில் எடுத்துட்டு வரல," என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது.