தலைவர் உட்காராத நாற்காலி

அந்தக் கல்லூரியின் தத்துவத் துறை அறையில், மூலையோரம் ஒரு நாற்காலி உண்டு. பழைய துறைத் தலைவர் அதில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அன்றிலிருந்து ஒருவரும் அதில் உட்காருவதில்லை.

மழை இருட்டிய ஒரு மதியம், இப்போதைய தலைவர் நமச்சிவாயம், தற்காலிக விரிவுரையாளர் பொற்கொடி எழுதிக் கொண்டுவந்த இந்தியத் தத்துவப் பாடத்திட்டத்தைத் தூக்கிப் போட்டார்.

"கிரேக்கத்தை விட்டா வேற எங்கேயும் தத்துவமே கிடையாதும்மா. நம்மகிட்ட இருந்தது வெறும் பக்தி. இல்லைங்கிறியா? எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி கேளு. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பொற்கொடி மூலையைக் காட்டினாள். "சார், அந்த நாற்காலியில யாராவது இருக்காங்களா?"

"யாருமில்லை."

"எப்படித் தெரியும்?"

"கண்ணு இருக்கே!"

"கண்ணுக்கு நாற்காலி தெரியுது, சரி. யாருமில்லைங்கிறது எந்த நிறத்துல தெரியுது சார்?"

தலைவர் உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இல்லாததை எப்படி அறியறோம்னு நம்ம ஆளுங்க நூற்றாண்டுக் கணக்கா வாதம் பண்ணியிருக்காங்க. உங்களுக்குச் சந்தேகமே இல்லைன்னா, போய் உட்காருங்க சார்."

யாரோ எழுந்து இடம் விட்டதுபோல நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது.

தலைவர் பாடத்திட்டத்தை எடுத்து அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

"பாடத்தை நடத்தும்மா. ஆனா இந்த அறையில மட்டும் வேண்டாம்."