மூலையில் கருப்பு

கிட்ட வந்து உட்காருங்க. இது கடுதாசிக் காலத்துக் கதை.

அப்போதெல்லாம் நல்ல சேதி என்றால் மூலையில் மஞ்சள் தடவி வரும். சாவுச் சேதிக்குக் கருப்பு. பிரிக்காமலே வீடு அழ ஆரம்பித்துவிடும்.

மலையடிவாரத்தில் தண்ணீர்ப்பந்தல் வைத்திருந்த கோமதித்தாயியிடம் பேச்சிமுத்து கேட்டார்:

"தாயி, கெட்ட சேதியைத் தாங்க ஒரு வழி சொல்லுங்க."

தாயிக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் அவர்தான் சீடர். மனசு அடங்கணும் என்று வந்து, எட்டு மாதமாய் அவள் பானைகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்.

"என்ன சேதி அண்ணாச்சி?"

"தெரியாது."

"தெரியாததையா தாங்கணும்?"

மடியிலிருந்து ஒரு இன்லேண்ட் கடுதாசியை எடுத்தார். மூன்று நாள் வியர்வையில் கசங்கிக் கிடந்தது. மகள் ஊரிலிருந்து வந்தது. அவளுக்கு இது தலைப்பிரசவம்.

மூலையில் கருப்பு.

அவர் மனைவி இரண்டாம் பிரசவத்தில் போனவள். தாயில்லாப் பிள்ளையைப் பிரசவத்துக்குக் கூட்டி வராமல், இங்கே வந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்தது. பிரிக்காதவரைக்கும் மகள் உயிரோடு இருப்பாள் என்று ஒரு நினைப்பு.

தாயியும் பிரிக்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அவரிடமே நீட்டினாள்.

"மோந்து பாருங்க."

மோந்தார்.

சுட்ட வசம்பு. விளக்கில் கருக்கி, எண்ணெய் விட்டு உரசி, பச்சைப்பிள்ளைக்குக் கன்னத்திலும் உள்ளங்காலிலும் வைக்கிற பொட்டு. அந்த வாசனையோடு மகள் அவர் தோளில் தூங்கின மத்தியானங்கள், சட்டையில் ஒட்டின கறை, துவைத்தாலும் போகாது என்று சிரித்த மனைவி, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"பிள்ளை இருக்கு தாயி. அவ?"

"கையில வச்சுக்கிட்டு என்னைக் கேட்டா?"

பிரித்தார். மகள் கையெழுத்து.

'அப்பா, ஒட்டுறதுக்குள்ள உங்க பேரன் பொட்டு வச்ச காலால மூலையில உதைச்சிட்டான். வேற கடுதாசி வாங்க ஆள் இல்ல. கருப்பைப் பாத்துப் பயந்துராதீங்க.'

பயப்படாதே என்பதை வெளியே எழுத வேண்டியவள் உள்ளே எழுதியிருக்கிறாள். அழுகையும் சிரிப்புமாய் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தனை வயசுக்கு மேலயும் இப்படிப் பயந்தா, நான் என்னைக்குத் தாயி வளரப் போறேன்?"

தாயி கட்டைவிரலை அந்தக் கருப்பில் அழுத்தித் தேய்த்தாள். அவர் நரைத்த தாடிக்கு மேலே, கன்னத்தில், ஒரு பொட்டு வைத்தாள்.