சடைச்சியின் பானையும் மூக்கையனின் நாக்கும்

குளக்கரைக் காட்டில் சடைச்சி என்றொரு கரடி இருந்தாள். அவளுக்குக் கருமணி என்று ஒரே மகள். கருமணிக்கு மேலமலைக் கரடி வீட்டில் மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்து, நாளும் குறித்தாகிவிட்டது. பெண்ணுக்கும் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை பேரைச் சொன்னாலே ஓடிப்போய்ப் புதருக்குள் மூஞ்சியை வைத்துக்கொள்வாள்.

கரடிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் தங்கள் கையால் நுரைச்சாறு போடவேண்டும். நுரைச்சாறு என்றால் என்னவென்று கேட்கிறீர்களா? முளைகட்டிய கேழ்வரகு, இலுப்பைப்பூ, கொஞ்சம் தேன், இவற்றைத் தண்ணீரில் போட்டு ஒன்பது நாள் ஊறவிட்டால் குபுகுபுவென்று நுரைத்துக்கொண்டு வருமே, அதுதான். ஊருக்குள் மனிதர்கள் இதே மாதிரி ஒன்றைக் காய்ச்சி பீர் என்கிறார்கள். காட்டில் நுரைச்சாறு. அந்தச் சாற்றில் முதல் சிரட்டை மாப்பிள்ளையின் அப்பாவுக்கு. அவர் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டால் கல்யாணம். பாதியில் கீழே வைத்துவிட்டால் எல்லாரும் வந்த வழியே கிளம்பிவிடுவார்கள். அப்புறம் மேளமும் கிடையாது, தாளமும் கிடையாது!

சடைச்சியின் பானையில் ஒன்பது நாள் ஊறி முடிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று நாள். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பதமா வந்திருக்கான்னு யாரைக் கேக்குறது?" என்று புலம்பினாள்.

யாரைக் கேட்பது? மூக்கையனைத்தான்! மூக்கையன் ஒரு மரநாய். அந்தக் காட்டில் பனைமரத்துக் கள்ளிலிருந்து அத்திப்பழச் சாறு வரை அவன் நக்கிப் பார்க்காத சட்டி கிடையாது. ஒரு மிடறு குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இது வடக்குப் பக்கத்து மரத்துப் பழம்" என்பான். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். இலுப்பை மரத்து மைனாக் கூட்டம் அவன் எங்கே போனாலும் பின்னாலேயே பறந்துபோய், அவன் சொல்வதைக் காடு முழுக்கப் பரப்பும். நாக்கு நல்ல நாக்குதான், அதில் சந்தேகமே இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம்.

மூக்கையன் வந்தான். சிரட்டையில் மொண்டான். குடித்தான்.

அடடா! என்ன சொல்வது! தொண்டையில் குளுகுளுவென்று இறங்கி, வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கிச்சுகிச்சு மூட்டியது. மூக்கையனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் இப்படி ஒன்றைக் குடித்ததில்லை. 'நல்லா இருக்கு' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

மேலே பார்த்தான். மைனாக்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தன.

'நல்லா இருக்கு'ன்னு எந்தக் கழுதையும் சொல்லும்! அதைச் சொல்லவா மூக்கையன் வேண்டும்? அவன் தொண்டையைச் செருமினான். கண்ணை மூடினான். மீசையை ஒரு தடவு தடவினான்.

"ஆகா! அக்கா! முதல் மழை விழுந்த செம்மண்ணு! அந்த வாசனை அப்படியே அடியில வருது!"

"செம்மண்ணு! செம்மண்ணு!" என்று மைனாக்கள் கத்தின.

உண்மையில் பானையில் செம்மண்ணும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. மூக்கையன் இன்னும் இரண்டு சிரட்டை குடித்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டான்.

சடைச்சி அங்கேயே மலைத்துப்போய் நின்றாள்.

"அய்யய்யோ! நான் மண்ணே போடலையேடி!"

"அம்மா, சாறு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் கருமணி.

"உனக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு! மூக்கையன் தம்பி ஒண்ணு சொன்னா சும்மா சொல்லுமா? மைனாங்க போய் மேலமலையில சொல்லிடும். சம்பந்தி வந்து 'மண்வாசம் எங்கே?'ன்னு தேடுவாரு. இல்லேன்னா என் மானம் போயிடும்!"

குளக்கரைக்கு ஓடினாள். இரண்டு கை நிறையச் செம்மண்ணை அள்ளி வந்தாள். பானையில் போட்டுக் கலக்கினாள்.

மறுநாள் காலையில் மூக்கையன் மறுபடி வந்தான். "பதம் மாறியிருக்கான்னு சும்மா ஒரு வாய் பாத்துட்டுப் போறேன்க்கா" என்றான். யாரும் கூப்பிடவில்லை. நேற்றைய ருசிதான் இழுத்து வந்தது.

குடித்தான். ஒரு கணம் திடுக்கிட்டான். மண்! நிஜமாகவே மண்!

வேறு யாராவது இருந்தால், 'என்னக்கா இது, மண்ணு விழுந்துடுச்சா?' என்று கேட்டிருப்பார்கள். மூக்கையனுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளிக் குதித்தான்.

"பாத்தியாக்கா! நேத்து நான் சொன்னேன்ல! அந்த மண்வாசம் இன்னிக்கு எப்படித் தூக்கலா நிக்குது பாரு! என் நாக்கு தப்புமா?"

"தப்பாது! தப்பாது!" என்றன மைனாக்கள்.

நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் எப்படி? புதிதாக ஒன்று வேண்டுமே! மூக்கையன் இன்னொரு மிடறு குடித்து, வாய்க்குள் சுழற்றி, வானத்தைப் பார்த்தான்.

"கடைசியில மெதுவா ஒரு புகை வருது. காட்டுத்தீ அணைஞ்ச மறுநாள் வருமே, அந்தப் புகை!"

அவ்வளவுதான். அவன் அந்தப் பக்கம் போனதும் சடைச்சி இந்தப் பக்கம் ஓடினாள். இடி விழுந்து எரிந்த ஒரு மரத்திலிருந்து மடி நிறையக் கரியைப் பெயர்த்து வந்தாள். தொப்புதொப்பென்று பானையில் போட்டாள்.

"அம்மா, வேண்டாம்மா!"

"போடி! எல்லாம் உனக்காகத்தான்!"

மூன்றாம் நாள். மூக்கையன் வந்தான். பானைக்குள் எட்டிப் பார்த்தான். கறுப்பாக ஏதோ மிதந்தது. குடித்தான். பல்லில் நறநறவென்றது. அதற்கும் அவன் அசரவில்லை!

"கடிச்சுக் குடிக்கிற பதம்! புகை வந்துடுச்சு பாத்தியாக்கா? நான் சொல்லி வராம இருக்குமா?"

"இருக்காது! இருக்காது!"

இனி என்ன சொல்வது? பூ, பழம், மண், புகை எல்லாம் தீர்ந்துபோயிற்று. சுற்றுமுற்றும் பார்த்தான். குளத்தில் வீரணன் என்ற எருமை கழுத்தளவு தண்ணீரில் கிடந்து அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா! இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு மட்டும்தான் தெரியுது. மழையில நனைஞ்ச எருமை! அந்த வாசனை லேசா, ரொம்ப லேசா, ஓரத்துல நிக்குது!"

மைனாக்களே ஒரு நிமிஷம் யோசித்தன. அப்புறம், "எருமை! எருமை!" என்று கத்திக்கொண்டு மேலமலைப் பக்கம் பறந்தன.

சடைச்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து குளத்துக்குப் போனாள்.

"தம்பி வீரணா, ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்க அக்கா."

"என் பானைக்குள்ள கொஞ்ச நேரம் உக்காரணும்."

வீரணன் அசைபோடுவதை நிறுத்தினான். "எதுக்கு?"

"வாசனைக்கு!"

"யாருக்குக்கா என் வாசனை வேணும்?"

"சம்பந்தி வீட்டுக்குத் தம்பி. கல்யாணக் காரியம். மாட்டேன்னு சொல்லிடாத!"

இதுவரை வீரணன் பக்கத்தில் வந்தால் எல்லாரும் தள்ளித்தான் உட்காருவார்கள். இப்போது தன் வாசனையைக் கேட்டு ஒருத்தி வந்திருக்கிறாள்! அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுந்து வந்தான். பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"முழுசா உள்ள போக முடியாதுக்கா. வாலை விடட்டுமா?"

"விடு தம்பி!"

சாயங்காலம் வரை வாலைப் பானைக்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றான் வீரணன். நடுநடுவே ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு கலக்கு வேறு கலக்கினான். கருமணி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

கல்யாண நாள் வந்தது. மேலமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா மலைச்சாமி. பெரிய உடம்பு, பெரிய குரல். காடே கூடிவிட்டது. மைனாக்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. மூக்கையன் முன்வரிசையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சடைச்சி முதல் சிரட்டையை நீட்டினாள்.

மலைச்சாமி வாங்கினார். அண்ணாந்தார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்.

அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது. அப்புறம் இன்னொரு பக்கமாகக் கோணியது. நாக்கை நீட்டினார். நாக்கின் மேல் ஒரு கரித்துண்டு உட்கார்ந்திருந்தது. பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தார். இழுத்தார், இழுத்தார், அது வந்துகொண்டே இருந்தது. நீளமான ஒரு முடி!

"இது யாரோட முடி?" என்று கர்ஜித்தார்.

"என்னுதுதாங்க! வாலு!" என்று பின்னாலிருந்து சந்தோஷமாகக் குரல் கொடுத்தான் வீரணன்.

மலைச்சாமி சிரட்டையைக் கீழே வைத்துவிட்டார். "எல்லாரும் எழுந்திருங்க. போகலாம்."

மேளம் நின்றது. மாப்பிள்ளைப் பையன் அப்பாவையும் கருமணியையும் மாறி மாறிப் பார்த்தான். கருமணி ஓவென்று அழுதாள்.

சடைச்சி பதறிப்போய் மூக்கையன் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி! நீயே சொல்லுப்பா! செம்மண்ணு வாசம் வருதுன்னு நீ சொன்னே, போட்டேன். புகைன்னு சொன்னே, கரியைப் போட்டேன். எருமைன்னு சொன்னே, அந்தப் புள்ளையை நாளெல்லாம் நிக்க வச்சேன். நீ சொன்னதுல எதையாவது நான் விட்டுட்டேனா? இன்னும் என்ன குறைச்சல்? சொல்லு தம்பி!"

அப்போதுதான் மூக்கையனுக்கு எல்லாம் விளங்கியது. பக்கத்திலேயே மரம் இருந்தது. ஒரு தாவு தாவினால் போதும், யாரும் பிடிக்க முடியாது. கால்கள் துறுதுறுத்தன.

கருமணி தேம்பிக்கொண்டே, "மாமா" என்றாள்.

மூக்கையன் தாவவில்லை. மலைச்சாமியின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, தப்பு என்னுது. அக்கா மேல ஒரு குத்தமும் இல்லை. முதல் நாள் அந்தப் பானையில மண்ணும் இல்லை, புகையும் இல்லை, எருமையும் இல்லை. எல்லாம் என் வாயில இருந்து வந்ததுங்க."

"அப்ப முதல் நாள் அது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க. குடிச்சதும் அழுகையே வந்துடுச்சு. ஆனா 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொன்னா என் மரியாதை என்னாகும்னு பயந்துட்டேன்."

மலைச்சாமி அவனை முறைத்துப் பார்த்தார். கையிலிருந்த முடியைப் பார்த்தார். வீரணனின் வாலைப் பார்த்தார். திடீரென்று அவருடைய பெரிய வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரித்தார் பாருங்கள், ஒரு சிரிப்பு! குளத்துத் தவளைகள் பயந்துபோய்த் தண்ணீருக்குள் குதித்தன.

"சம்பந்தியம்மா, புதுசா ஒரு பானை போடுங்க. உங்க கைக்கு வர்ற மாதிரி போடுங்க. ஒன்பது நாள் நாங்க இங்கேயே இருக்கோம்" என்றார். பிறகு மூக்கையன் பக்கம் திரும்பினார். "ஆனா இந்தப் பானையை வீணாக்கக் கூடாது. என்ன?"

எல்லாருடைய கண்ணும் மூக்கையன் மேல் விழுந்தது.

"ஐயா, முழுப் பானையுமா?" என்றான் மூக்கையன் ஈனக்குரலில்.

"முழுப் பானையும்!"

மூக்கையன் மொண்டான், குடித்தான். "மண்ணு!" என்றான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுபடி மொண்டான். "கரி!" என்றான். மறுபடி மொண்டான். "வாலு!" என்று அலறினான். சிரித்துச் சிரித்து மைனாக்கள் கிளையிலிருந்து உருண்டு விழுந்தன. கருமணிகூட அழுகையை மறந்து சிரித்தாள். அன்று மூக்கையன் சொன்ன ஒவ்வொரு ருசியும் பானையில் நிஜமாகவே இருந்தது!

பத்தாம் நாள் புதுப்பானை வந்தது. மலைச்சாமி முதல் சிரட்டையை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். சிரட்டையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை. கொட்டினார்கள் மேளத்தை! கருமணியும் மாப்பிள்ளையும் கைகோத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி வந்தார்கள்.

இரண்டாவது சிரட்டை மூக்கையனுக்கு வந்தது. குடித்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது. மைனாக்கள் கழுத்தை நீட்டின.

"எப்படி இருக்கு? எப்படி இருக்கு?"

மூக்கையன் கண்ணை மூடினான். மீசையைத் தடவினான். சடைச்சி பானையை இறுகக் கட்டிக்கொண்டாள். வீரணன் ஆசையாக வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"நல்லா இருக்குக்கா!" என்றான் மூக்கையன்.

"அப்புறம்? அப்புறம்?" என்றன மைனாக்கள்.

"அப்புறம் என்ன? இன்னொரு சிரட்டை ஊத்துக்கா!"

நல்லதை நல்லது என்று சொல்ல ஒரு சொல் போதும். நம் பெருமைக்காக அதற்கு மேல் கூட்டிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், நம்மை நம்பியவரின் பானையில் போய்த்தான் விழும்.