கதிருக்குக் கீழே நிற்கும் அணில்

குருவிக்கென்று தொங்கவிட்ட நெற்கதிருக்குக் கீழே அணில் நின்று பொறுக்கித் தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு உயரத்திலும் ஏறுகிற அது, ஏன் தரையில் சிந்தியதைத் தேடுகிறது?

மனுசரும் பிராணிகளும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிய வாழ்ந்த அந்தக் காலத்தில், செங்கமலம் என்று ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தைக்காரி. அவள் வீட்டுக் கூரை இடுக்கில் ஒரு குருவி குஞ்சு பொரித்திருந்தது.

"நீயும் பிள்ளை பெத்தவ. அதுகளை விட்டுட்டு எங்கே போய் இரை தேடுவே?" என்று சொல்லி, அறுப்பு முடிந்த கையோடு ஒரு கொத்துக் கதிரை வாசல் சுவரில் மாட்டினாள் செங்கமலம்.

அவள் உள்ளே திரும்புவதற்குள் வேப்பமரத்து அணில் சுவரில் ஓடி ஏறி அத்தனையையும் உருவித் தின்றுவிட்டது.

அடுத்த கொத்தைத் தாழ்வாரத்து மூங்கிலில் கட்டி, சுற்றிலும் முள் வைத்தாள். அணில் கூரை வழியாக வந்து, தலைகீழாகத் தொங்கித் தின்றது.

"ஏண்டி, உனக்கு வெட்கமா இல்லை?"

"வெட்கப்பட்டா வயிறு நிறையுமா அக்கா? எனக்கும்தான் பொந்துல பிள்ளைங்க இருக்கு."

"அதுக்குக் குருவிப் பிள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?"

அணில் பொந்துக்கு ஓடியது. வாயில் நெல் இருந்தது.

குருவிக் குஞ்சுகளோ சத்தம் போடக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடின. அதைப் பார்த்துச் செங்கமலத்துக்கு மனசு கேட்கவில்லை. பிள்ளையின் தூளிக் கயிற்றில் மிச்சமாகத் தொங்கிய நுனியை வெட்டி எடுத்தாள். வீட்டுக்குள்ளே, தூளி கட்டிய அதே விட்டத்தில், தூளிக்குப் பக்கத்திலேயே கதிரைத் தொங்கவிட்டாள். கயிற்றின் நடுவில் ஒரு கொட்டாங்கச்சியைக் குடை மாதிரி கவிழ்த்துக் கோத்தாள்.

அணில் வந்தது. கயிற்றில் இறங்கியது. கொட்டாங்கச்சியில் கால் வைத்ததும் சறுக்கித் தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. மேலே குருவி விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரி, சிரி. கயித்தையே கடிச்சுக் கொத்தோட தள்ளிக்கிட்டுப் போறேன் பாரு."

செங்கமலம் கொல்லையில் வேலையாக இருந்த நேரம். அணில் விட்டத்தில் ஏறியது. புகை படிந்த இருட்டில் இரண்டு முடிச்சு, இரண்டும் ஒரே மாதிரிக் கயிறு. ஒன்றைக் கடிக்கத் தொடங்கியது. பிரி பிரியாகக் கயிறு அறுந்துகொண்டே வந்தது. கீழே குழந்தை களுக்கென்று சிரித்தது.

அணில் குனிந்து பார்த்தது. ஆடியது கதிர் இல்லை. தூளி.

ஓடியிருக்கலாம். ஆனால் அது அறுந்த இடத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, வாலை உதறி உதறிக் கத்தியது. "கீச்! கீச்! அக்கா!"

"திருடி, மாட்டிக்கிட்டியா?" என்றது குருவி.

"அப்புறமாத் திட்டுடி! கீச்! கீச்!"

செங்கமலம் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "இன்னிக்கு உன் வாலைப் பிய்க்காம விடமாட்டேன்!"

"அடிச்சுக்கோ அக்கா. முதல்ல பிள்ளையைத் தூக்கு!"

நிமிர்ந்து பார்த்தவள் துடைப்பத்தை எறிந்துவிட்டுப் பிள்ளையை வாரி எடுத்தாள். கயிறு தெறித்தது. வெறும் துணி தரையில் விழுந்தது.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அணில் இறங்கி வந்து முன்னால் நின்றது.

"கடிச்சது நான்தான். கதிர்க் கயிறுன்னு நெனைச்சேன்."

"ஓடிப் போயிருக்கலாமே. ஏன் நின்னே?"

"பிள்ளையாச்சே அக்கா."

செங்கமலம் அதன் முதுகை ஒரு விரலால் தடவினாள். "கேட்டிருந்தா உனக்கும் குடுத்திருப்பேனேடி."

"இனிமே தொங்குறதுல பல்லு வைக்கமாட்டேன்" என்றது அணில்.

குருவி தொண்டையைச் செருமியது. "நான் பாதியைச் சிந்திச் சிந்தித் திங்கிறேன். ஒழுங்காத் தின்னத் தெரியாதவள்னு ஊர் சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும்."

அன்று முதல்தான் குருவி கதிரைக் கொத்தினால் நெல் சிந்துகிறது, அணில் கீழே நின்று இரண்டு கையாலும் எடுத்துத் தின்கிறது. பூனையோ பாம்போ வந்தால் வாலை உதறிக்கொண்டு அணில் கத்துவதும் அன்று முதல்தான்.

அன்று சாயங்காலம் செங்கமலம் புதுக் கயிற்றில் தூளி கட்டினாள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள்.

"அடியே அணிலு, தண்ணிக்குப் போயிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் பிள்ளையைப் பாத்துக்கடி."